செயின்ட்-மிஷேலில் ஒன்பது கிளாஸ் தேநீர்

அண்ணன் எனக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தது மாண்ட்ரியலைச் சுற்றிப் பார்ப்பதற்காக அல்ல. "நீ போயி அந்தப் பயலுக்குப் புத்தி சொல்லிக் கூட்டிட்டு வா. ஒன் பேச்சத்தான் அவன் கேப்பான்" என்றார். பயல் என்றது அவருடைய ஒரே மகன் செந்திலை. முப்பது வயது. மாண்ட்ரியலில் விமான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எஞ்சினியர். எலிஃப் என்ற துருக்கிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஃபோனில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பாளையங்கோட்டை வீட்டில் அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் அவருடைய தங்கை சொர்ணம். அரசு மருத்துவமனையில் முப்பத்துமூன்று வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. செந்திலுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவன் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை சீவி, சட்டைப் பித்தான் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான்தான். அதனால் இந்த வேலைக்கு நான்தான் சரியான ஆள் என்று அண்ணன் நினைத்ததில் தப்பில்லை. பெட்டியில் இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், இரண்டு ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உறையில் அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தியின் போட்டோ.

நான் போய் இறங்கியது அக்டோபர் மாதம், வியாழக்கிழமை சாயங்காலம். விமான நிலையத்தில் செந்தில் என்னைக் கட்டிக்கொண்டான். இளைத்திருந்தான், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது. வாடி வதங்கிப்போய் இருப்பான், நாலு வார்த்தை சொன்னால் மடங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டு வந்திருந்தேன்.

அவன் குடியிருந்தது பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், ஒரு செங்கல் வீட்டின் மாடியில். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, இரும்பில் வளைந்து ஏறியது. பனி கொட்டும் ஊரில் படியை வெளியே வைத்துக் கட்டிய புண்ணியவான் யாரோ! கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினேன். கீழ்வீட்டுக் கதவைத் திறந்து ஒரு அம்மாள் அண்ணாந்து பார்த்தார். அவர்தான் வீட்டுக்காரி பிலோமினா. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

"வாங்கோ அக்கா. பயணம் எப்பிடி? நல்லாக் களைச்சுப் போனியளோ?"

"பரவாயில்லம்மா. கால்தான் வீங்கிப் போச்சு."

"உங்கட மருமோன் நல்ல பிள்ளை. ஒரு சத்தம் சந்தடி இல்லை. ஆனா எந்த நேரம் பாத்தாலும் அந்த ரெண்டு தட்டுக் கேத்தில் அடுப்பில இருக்கும்."

அது என்ன என்று மேலே போனதும் தெரிந்தது. செந்தில் எனக்கு டீ போட்டான். ஒரு கெட்டிலின் தலையில் இன்னொரு சின்னக் கெட்டில் உட்கார்ந்திருந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் இடுப்பு ஒடுங்கிய ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸில், செம்பருத்திப் பூவை ஊறப்போட்டது மாதிரி ஒரு சிவப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தான்.

"பால் எங்கடா?"

"பால் வாங்கறது இல்ல அத்தை. ஆறு மாசமாச்சு."

என் மருமகன் பால் விட்ட டீ இல்லாமல் பரீட்சைக்குப் போகமாட்டான். அவனே பாலைக் கைவிட்டிருக்கிறான் என்றால் விஷயம் அண்ணன் நினைப்பதைவிட ஆழமாகப் போயிருக்கிறது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் காலை போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். அவன் கோபப்படவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்காங்க அத்தை. நல்ல இடமா அமையட்டும்" என்று உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உறையை மறுபடி பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். எங்கள் ஊர் மார்க்கெட்டில் தக்காளியைத் தொட்டாலே கடைக்காரர் முறைப்பார். இங்கே அவர்களே பேரிக்காயையும் ஆப்பிளையும் நறுக்கித் தட்டில் வைத்துத் தின்னு தின்னு என்கிறார்கள். ஒரு கடைக்காரர் பிரெஞ்சில் என்னிடம் ஏதோ சொன்னார். "இந்தச் சேலையோட குளிராதான்னு கேக்கறார்" என்றான் செந்தில். சேலைக்குள் நான் போட்டிருந்த கம்பளிக் கால்சட்டையை அவரிடம் காட்டவா முடியும்? சிரித்துவிட்டு நகர்ந்தேன். நீட்டுக் கத்தரிக்காய், குடை மிளகாய், ஒரு கட்டு புதினா வாங்கினோம். புதினாவின் வாசனை மட்டும் ஊரில் இருப்பதேதான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போனோம். நீலக் கோட்டு மெட்ரோவில் ஏறிக் கடைசி நிறுத்தமான செயின்ட்-மிஷேலில் இறங்கினால் பத்து நிமிட நடை. எலிஃப் வாசலிலேயே நின்றிருந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். "வணக்கம் அத்தை" என்றாள். 'த்தை' கொஞ்சம் தடுக்கியது. பின்னால் அவள் அப்பா யூசுஃப், உயரமான மனிதர், நரைத்த மீசை. முன்பு துணித் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர்; அது மூடிய பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அம்மா பெயர் குல்சும்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. மேலப்பாளையத்திலிருந்து வந்து என்னோடு இருபது வருடம் ஒரே வார்டில் வேலை பார்த்த சிநேகிதியின் பெயரும் குல்சும்தான். எலிஃப் அதைத் துருக்கியில் சொன்னதும் அந்த அம்மாள் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து "அப்லா" என்றார். அப்லா என்றால் அக்காவாம்.

நான் சைவம் என்று செந்தில் முன்கூட்டியே சொல்லியிருந்தான் போல. பருப்பு சூப், பசலைக்கீரை வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டி, திராட்சை இலையில் சோற்றை வைத்துச் சுருட்டி வேகவைத்த ஒரு பண்டம். இலையோடு சாப்பிட வேண்டும் என்று தெரியாமல் நான் பிரிக்கப் பார்த்தேன். குல்சும் என் கையைத் தடுத்து, தான் ஒன்றை அப்படியே வாயில் போட்டுக் காட்டினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தேநீர். அந்த வீட்டில் அது யூசுஃபின் இலாகா. பெரிய இரட்டைக் கெட்டிலை அவரே கொண்டுவந்து வைத்தார். மேல் கெட்டிலிலிருந்து கறுப்பாக டிகாக்‌ஷன் கால் கிளாஸுக்குச் சற்று அதிகம், மீதிக்குக் கீழ்க் கெட்டிலின் வெந்நீர். ஒவ்வொரு கிளாஸையும் ஜன்னல் பக்கம் தூக்கி நிறம் பார்த்துவிட்டுத்தான் நீட்டினார். "முயலின் இரத்தம் மாதிரி இருக்கணும்னு சொல்வாங்க" என்று எலிஃப் ஆங்கிலத்தில் விளக்கினாள். சைவப் பிள்ளைவீட்டுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய உவமைதான்! இரண்டு சர்க்கரைக் கட்டியைப் போட்டுக் கலக்கி, விளிம்பைப் பிடித்துக் குடித்தேன். கசப்பு தெரிந்தது. ஆனால் கடைசி வாயில் ஒரு நல்ல மணம் நின்றது.

காலி கிளாஸை வைத்தேன். அவர் நிரப்பினார். விருந்து வீட்டில் மிச்சம் வைக்கலாமா? குடித்தேன். மறுபடி நிரப்பினார். பேச்சு நடக்க நடக்க நான் குடித்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் நிரப்பிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர் என்னைச் சோதிக்கிறாரா என்றுகூடத் தோன்றியது. ஒன்பதாவது கிளாஸில் என் நெற்றியில் வேர்வை வந்ததைப் பார்த்து எலிஃப் பதறிப்போய் எழுந்தாள். என் கரண்டியை எடுத்துக் கிளாஸின் வாயில் குறுக்கே வைத்தாள்.

"மன்னிச்சிருங்க அத்தை. போதும்னா இப்படி வைக்கணும். செந்தில், நீ சொல்லவே இல்லையா?"

செந்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். குல்சும் சிரித்துச் சிரித்து முந்தானை மாதிரி தலைத்துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவசரமாகக் குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

திரும்பி வரும்போது யூசுஃப் மனைவியிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று எலிஃபைக் கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றாள். முப்பத்துமூன்று வருடம் படுக்கை படுக்கையாகப் போய் "எங்கே வலிக்குது?" என்று கேட்டவள் நான். வலியை மறைக்கிற முகம் எனக்குத் தெரியும். அந்த மனிதர் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. புறப்படும்போது குல்சும் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பெண், மடியில் இரட்டைக் குழந்தைகள். "ஜெர்மனி" என்றார். இரண்டு விரலைக் காட்டி "வருஷம்" என்பது போல ஏதோ சொன்னார். மூத்த மகள் என்று புரிந்தது. இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை என்றும் புரிந்தது.

யூசுஃபுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். பிள்ளைகள் இல்லாமல் அவரிடம் நேரில் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். காலை பஸ் ஓட்டத்துக்கும் பிற்பகல் ஓட்டத்துக்கும் நடுவில் அவர் வீட்டில்தான் இருப்பார். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "நான் லீவு போட்டு வரேன்" என்றான் செந்தில். "வேண்டாம். ஒரே ரயில். போனா கடைசி ஸ்டேஷன். எனக்குப் போகத் தெரியாதா?" என்றேன்.

எனக்குப் போகத் தெரியவில்லை. ஜான்-டலோன் நிறுத்தத்தில் பாதி ரயில் இறங்கியது. சந்தைக்குப் போனபோது பார்த்த பெயர், பழகிய பெயர். எல்லோரும் இறங்குகிறார்களே, இங்கேதான் மாற வேண்டுமோ என்று நானும் இறங்கிக் கூட்டத்தோடு நடந்து, வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டேன். அது ஆரஞ்சுக் கோடு. வெகுநேரம் போயிற்று. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். மேலே வந்தால் பெரிய பெரிய கடைகளும் கார் நிறுத்துமிடங்களும், சில்லென்ற தூறலும்தான். சீருடை போட்ட ஒருவரிடம் "செயின்ட் மைக்கேல்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று முறை சொல்லிவிட்டு, "கடவுளே, எங்கன வந்து மாட்டிக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"நீங்கள் தமிழோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓர் இளம்பெண். "எங்க போறியள்?"

சொன்னேன்.

"ஐயோ, நீங்கள் ஆத்தைக் கடந்து லவாலுக்கு வந்திட்டியள். இது வேற நகரம். மெட்ரோ இங்க வரைக்கும் வந்து ஒரு வருசம்தான். அதுக்கு முதல் எண்டா தப்பியிருப்பியள்." செந்தில் எழுதிக் கொடுத்த எண்ணை நீட்டினேன். தன் ஃபோனிலிருந்து யூசுஃப் வீட்டுக்கு அழைத்து, பிரெஞ்சில் கடகடவென்று பேசினாள். "ஸ்டேசன் வாசல்ல வந்து நிப்பாராம். நீங்கள் பயப்பிடாதேங்கோ. ஜான்-டலோன்ல இறங்கி நீலக் கோடு." அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ரயில் கதவு மூடும்வரை தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஒன்றரை மணி நேரம் பிந்திச் செயின்ட்-மிஷேலில் மேலேறியபோது யூசுஃப் குடையோடு நின்றிருந்தார். சட்டை தோளில் நனைந்திருந்தது. குல்சும் அன்று வேலைக்குப் போயிருந்தார். இரண்டரைக்கு அவர் பஸ் எடுக்க வேண்டும்; கையில் இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. சும்மா ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள், பேசுவோம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். "தேநீரை அவசரப்படுத்த முடியாது" என்றார்.

அதனால் நான் அவர் அடுப்பருகே நின்று பார்த்தேன். தேயிலையைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசி வடித்தார். அந்த ஈரத் தேயிலையோடு மேல் கெட்டிலைக் கீழ்க் கெட்டிலின் தலையில் வைத்தார். கீழே தண்ணீர் கொதிக்கும்வரை மேலே தேயிலை ஆவியில் சூடாகிறது. கொதித்ததும் அந்த வெந்நீரை உயரத்திலிருந்து மெல்லத் தேயிலை மேல் ஊற்றினார். கீழே மறுபடி தண்ணீர் நிரப்பி, அடுப்பைத் தணித்தார். இனி மேல் கெட்டிலைத் திறக்கக் கூடாது, கலக்கக் கூடாது. இலைகள் தாமாக அடியில் போய்ப் படியும்வரை காத்திருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் கருவிகளை ஆவியில் வைப்போமே, அந்தப் பொறுமைதான்.

காத்திருந்த நேரத்தில் நான் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு என் மருமகனைப் பிடிக்கவில்லையா?"

அவர் யோசித்து யோசித்து, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக எடுத்து வைத்தார். "நல்ல பையன். மரியாதை இருக்கிறது. மதத்தைப் பற்றி நானும் என் மனைவியும் பேசி முடித்துவிட்டோம். அது அவர்கள் பாடு. ஆனால் என் பெரிய பெண் ஜெர்மனி போனாள். இந்த மேசையில் நாலு கிளாஸ் வைப்பேன், மூன்றாயிற்று. உங்கள் பையனுக்கு இந்தியாவில் அப்பா இருக்கிறார், வீடு இருக்கிறது. ஒருநாள் போகத்தானே செய்வான்? எலிஃபையும் கூட்டிக்கொண்டு போவான். நீங்கள் பெரியவர், அவனை வளர்த்தவர். போகமாட்டான் என்று உங்களால் சொல்ல முடியுமா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"முடியாது" என்றேன். "உண்மையைச் சொல்கிறேன். நான் வந்ததே அவனைத் திரும்பக் கூட்டிப் போகத்தான். என் அண்ணன் அதற்குத்தான் என்னை அனுப்பினார்."

அவர் என் பக்கம் திரும்பினார். அடுப்பில் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது.

"அப்படியென்றால் நீங்கள் இந்தக் கல்யாணத்தை உடைக்க வந்தீர்கள்."

"ஆமாம். வந்தேன். இப்போது எனக்கு மனசு வரவில்லை."

இதற்குப் பிறகு நான் ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியாது. இருபத்தாறு வயதில், அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே, எனக்கு மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலைக்கு உத்தரவு வந்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாயிற்று. "நீயும் போயிட்டா வீட்டுல யாரு இருக்கா?" என்று அண்ணன் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் இருந்துவிட்டேன். யாரிடமும் இதைப் பற்றிப் பேசியதில்லை. செயின்ட்-மிஷேலில், பாதி புரியும் ஆங்கிலத்தில், ஒரு பஸ் டிரைவரிடம் சொன்னேன். "உங்களுக்கு இருக்கிற பயம்தான் என் அண்ணனுக்கும். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காக இருந்துவிட்ட ஆள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

அவர் தேநீர் ஊற்றினார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மணி இரண்டேகால் ஆனதும் சாவியை எடுத்துக்கொண்டார். மெட்ரோ வாசல்வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். "ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் குல்சுமும் எலிஃபும் எங்கள் வீட்டுக்கு வரணும். நான் தேநீர் போடுகிறேன்" என்றேன். அவர் தலையை அசைத்தார். அது வருகிறேன் என்பதா, போய் வாருங்கள் என்பதா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் செந்தில் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கத்தினான். "அத்தை, அவர்கிட்ட என்ன சொன்னே? அப்பா ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருக்கார்னு எலிஃப் அழறா!"

சொன்னதைச் சொன்னேன். மஸ்கட்டை மட்டும் சொல்லவில்லை.

"ஏன் அத்தை? ஏன் அதைப் போய்ச் சொன்னே?" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆறு வயதில் சாத்திய அதே வேகம்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் பேச்சு குறைவு. நான் தேநீரில் இறங்கினேன். வேறு என்ன செய்வது? வார்டில் காய்ச்சல் அட்டை எழுதுவது போல ஒரு தாளில் நேரம் குறித்துக்கொண்டேன். முதல் தடவை தேயிலையை அலச மறந்தேன், தூள் மிதந்தது. இரண்டாவது தடவை கீழ்க் கெட்டிலில் தண்ணீர் வற்றி அடி பிடித்துப் புகை கிளம்பியது, எச்சரிக்கை மணி அலறியது, பிலோமினா படியேறி ஓடிவந்தார்.

"என்னக்கா, வீட்டைக் கொளுத்தப் போறியளோ?"

"துருக்கிக்காரங்களுக்கு டீ போடப் படிக்கேன்மா."

அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "இது எங்கட பிளேன் டீதானே. இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். ஆனால் கிளாஸைக் காலி செய்துவிட்டு, இன்னொன்றுக்கு நீட்டினார். "அவையள் வருவினமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வந்தா கிளாஸ் காணாது. என்னட்டச் சின்னக் கிளாஸ் ரெண்டு கிடக்கு. தாறன்."

வெள்ளிக்கிழமை போட்டது தேறியது. செந்தில் குடித்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடி எடு" என்றான். மூன்று நாளில் அவன் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேசையில் வெள்ளரி, தக்காளி, ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தேன், ரொட்டி எல்லாம் வைத்தோம். ஒரு கிண்ணத்தில் என் இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து வைத்தேன். பத்தரைக்கு வரச்சொல்லியிருந்தோம். பத்து மணிக்குத் தண்ணீர் வைத்தேன். பத்தே முக்காலுக்கும் யாரும் வரவில்லை. தேநீர் தயாராகி, கடுக்க ஆரம்பித்துவிட்டது. செந்தில் ஜன்னலை விட்டு நகரவில்லை. கெட்டிலை இறக்கிக் கொட்டிவிட்டு மறுபடி போடுவோமா என்று நான் கை வைத்தபோது, இரும்புப் படியில் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இல்லை, மூன்று ஆள்.

யூசுஃப் முன்னால் வந்தார். கோட்டு போட்டிருந்தார். "பஸ் தாமதம்" என்றார். "மற்றவர் ஓட்டுகிற பஸ்."

குல்சும் என்னைக் கட்டிக்கொண்டு விடவில்லை. எலிஃபின் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள். நான் தேநீர் ஊற்றினேன்.  முதல் ஊசி போட்ட நாளில்கூட இவ்வளவு கவனமாக அளந்ததில்லை. யூசுஃப் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

"கொஞ்சம் அதிகமாகக் காத்திருந்திருக்கிறது" என்றார்.

"நாங்களும்தான்" என்றேன்.

எலிஃப் மொழிபெயர்ப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. மீசைக்குள் சிரித்தார். மூன்று கிளாஸ் குடித்தார். இட்லிப் பொடியில் ரொட்டியைத் தோய்த்து வாயில் போட்டுவிட்டு இருமி, மறுபடி தோய்த்தார். பிறகு மகளிடம் துருக்கியில் நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதை அவள் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள்: "நான் ஐந்து நாள் யோசித்தேன். என் பெண் எங்கே இருப்பாள் என்று எல்லோரிடமும் உறுதி கேட்பது என் பழக்கமாகிவிட்டது. இனிக் கேட்கமாட்டேன். உங்கள் அண்ணனிடம் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்."

ஊரில் இரவு ஒன்பது மணி இருக்கும், அண்ணன் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார். செந்தில் எண்ணைப் போட்டு ஃபோனை என் கையில் கொடுத்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அண்ணே, நான் சொர்ணம்."

"சொல்லு. பய என்ன சொல்லுதான்? டிக்கெட் போட்டாச்சா?"

"நான் மட்டுந்தான் வாரேன் அண்ணே. அவன் வரல."

அவர் கேட்கும்முன் நானே தொடர்ந்தேன்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. அவ அப்பா, அம்மா இங்கதான் இருக்காங்க, என் முன்னால. நான் டீ போட்டுக் குடுத்திருக்கேன்."

"ஒன்ன எதுக்கு அனுப்புனேன், நீ என்ன செஞ்சிட்டு இருக்க?"

"அண்ணே, எனக்கு மஸ்கட்டு ஆர்டர் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டீங்க. இருந்துட்டேன். ஒரு நாளாவது அதச் சொல்லிக் காட்டியிருக்கனா? இன்னைக்குச் சொல்லுதேன். அந்தக் கேள்விய இவன்கிட்டக் கேக்காதீங்க. ஒங்களுக்காக இருந்துருவான். எனக்கு அதுதான் பயமா இருக்கு."

செந்தில் தலையைத் திருப்பிக்கொண்டான். ஃபோனில் அண்ணன் தொண்டையைச் செருமினார். முப்பது வருடத்துக்கும் மேலான கணக்கு அது. அவருக்கு ஒரு நிமிடமாவது வேண்டாமா? 

"அந்த மனுஷர் என்ன செய்யுதாரு?" என்றார் கடைசியில்.

"ஸ்கூல் பஸ் ஓட்டுதாரு. முந்தி தையல் கம்பெனில கட்டிங் மாஸ்டர்."

"ம். அங்க மார்ச்சு மாசம் குளிர் எப்படி இருக்கும்? எனக்கு மூட்டு தாங்குமா?"

 ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, யூசுஃபைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, ரொம்பப் பொறுப்பாக யோசித்தார்.

"மார்ச் வேண்டாம்" என்றார். "தெருவெல்லாம் பனிச் சேறு, வயதானவர் வழுக்குவார். மே மாதம் வரச் சொல்லுங்கள். நான் விமான நிலையத்துக்கு வருகிறேன்."